தவிட்டுக்கு வாங்கின பாலன்

— நான் திருடலங்க உபதேசியாரே. எடம் மாத்தி வச்சேன், அவ்வளவுதான்.

— கோயிலச் சாணி போட்டு மெழுகிட்டுப் போன்னு சொன்னா, குடிலுக்குள்ள இருந்த பாலன் சுரூபத்தத் தூக்கிட்டுப் போயிருக்க. அதுக்குப் பேரு எடம் மாத்துறதா வேலாயி?

— மெழுகி முடிச்சிட்டுத்தான் எடுத்தேன். வேலையில குத்தம் சொல்லாதீங்க.

— நாளைக்கு நத்தார், பாலன் பொறந்த திருநாள். பூசை வைக்கச் சாமியார் பதுளையில இருந்து குதிரையில வந்துக்கிட்டிருக்காரு. மடுல்சீமை ஏத்தம் ஏறிட்டாருன்னா பொழுது சாயிறதுக்குள்ள இங்க நிப்பாரு. குடில எட்டிப் பார்த்தா மாதா இருக்காங்க, சூசையப்பர் இருக்காரு, நடுவுல வெறும் வெல்வெட்டுத் துணி கெடக்கு. என் பதினாறு வருசத்து வேலை இன்னியோட போச்சு. சத்தியமாச் சொல்லு, எங்க வச்ச?

— எங்க இருக்கணுமோ அங்க. துரை வீட்டு மாட்டுப்பட்டியில, செவலப் பசுவோட தொட்டியில.

— தொட்டியிலயா?

— தவிட்டு மேலதாங்க படுக்க வச்சிருக்கேன். மெத்துன்னு இருக்கும்.

— மாடு நக்காதா புள்ள?

— நக்கிக்கிட்டுத்தான் இருக்கு. தன் கன்னுன்னு நெனச்சிருச்சு போல.

— கப்பல்ல வந்த சுரூபம். கண்ணாடிக் கண்ணு. நானே கையக் கழுவிட்டுத்தான் தொடுவேன். சரி, பெரிய கங்காணி அம்மா அது கழுத்துல போட்ட அட்டியல் எங்க?

— அதச் சூசையப்பர் கழுத்துல போட்டுட்டேன். வயசான மனுசன், கண்ணு பட்டாலும் தாங்குவாரு.

— சூசையப்பருக்கு அட்டியல்.

— நல்லாத்தான் இருக்கு. போய்ப் பாருங்க.

— என்மேல உனக்கு என்ன கோவம்? போன வாரம் நீ வந்து கேட்டத முடியாதுன்னு சொன்னேனே, அதுக்கா இந்த வேலை?

— அதெல்லாம் இல்லீங்க. நீங்க சொன்ன கதையக் கேட்டுத்தான் செஞ்சேன்.

— நான் சொன்ன கதையா?

— ஞாயித்துக்கெழம எங்க லயத்துத் தண்ணிப் பீலியாண்ட நின்னு சொன்னீங்களே. கொடம் நெறஞ்சு வழியிறதுகூடத் தெரியாம கேட்டுக்கிட்டு நின்னேன். சாமி தன்னோட ஒரே மகன மாட்டுத் தொட்டியில போட்டு வச்சாரு. ராசா ஆள் விட்டுக் கைப்பிள்ளைங்களாத் தேடித் தேடிக் கொன்னான். அப்படித்தானே?

— ஆமா. அதுக்கு?

— தேடுறாங்கன்னு தெரியுது. அப்படி இருந்தும் ஒளிச்சு வச்ச பிள்ளைய எடுத்தாந்து, தேயிலைப் பெட்டி ஈயத்தாள மினுமினுன்னு ஒட்டி, சுத்தி வெளக்கு வச்சு, கழுத்துல தங்கத்தயும் போட்டு, வாங்க வாங்க இங்கதான் இருக்குன்னு காட்டிக் குடுக்குறீங்களே. பெத்தவ மனசு என்ன பாடுபடும்? அந்தம்மா மொகத்தப் பார்த்தீங்களா, குனிஞ்சுக்கிட்டே இருக்கு.

— அது சுரூபம் புள்ள. குனிஞ்ச மாதிரிதான் செஞ்சிருக்காங்க.

— செஞ்சவனுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களுக்குத்தான் தெரியல.

— நல்லாக் கேளு. அது ஒளிச்சு வச்சதில்ல. சத்திரத்துல எடம் இல்ல, அதனாலதான் தொட்டியில...

— ஒலகத்தயே படைச்ச சாமிக்கு ஒரு லயத்துக் காம்பரா கெடைக்கலயாக்கும். இத வேற யார்கிட்டயாவது சொல்லுங்க. நான் மூணு பெத்துப் பொதச்சவ. எனக்குப் பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு. அது எங்க வழக்கம்.

— என்ன வழக்கம்?

— தெரியாத மாதிரியே கேக்குறீங்க. பொறந்து பொறந்து செத்துப்போற வீட்டுல, அடுத்த பிள்ளையக் குப்பையில போடுவோம். வேற வீட்டுக்காரங்க வந்து ஒரு படித் தவிட்டக் குடுத்து வாங்கிக்குவாங்க. பெத்தவ அத அவங்க வீட்டுப் பிள்ளை மாதிரி நெனச்சுப் பாலக் குடுத்து வளப்பா. எமன் வந்து பார்த்தா, சீ, குப்பை, தவிட்டுக்கு வாங்கினதுன்னு திரும்பிப் போயிருவான். உங்க சாமியும் அதத்தான் செஞ்சிருக்காரு. மாட்டுத் தொட்டியில வேற என்ன இருக்கும், தவிடுதானே?

— பதினாறு வருசமா இந்தக் கதையச் சொல்லிக்கிட்டு வாறேன். தொட்டியில என்ன இருந்திருக்கும்னு ஒருநாளும் நெனச்சுப் பார்த்ததில்ல.

— மாட்டுக்குத் தீனி போட்டாத்தானே தெரியும். சரி, அத யாரு வாங்கினது?

— எத?

— பிள்ளையத்தான். வாங்க ஆள் இல்லாம தொட்டியில போட்டா அது வழக்கமில்ல, பாவம்.

— நமக்குத்தான் குடுத்தாரு. நம்ம எல்லாருக்கும்.

— உங்களுக்கும் எனக்குமா?

— உனக்கும்தான். மொதல்ல ஆட்டுக்காரங்களுக்குத்தான் சொல்லி அனுப்பினாரு. துரைமாருக்கு எல்லாம் பொறவுதான்.

— பார்த்தீங்களா, பட்டி ஆளுங்களாப் பார்த்து வித்திருக்காரு. வெவரமான சாமி. அப்புறம் பிள்ளை நல்லா வளந்துச்சா?

— வளந்தாரு.

— பேரன் பேத்தி எல்லாம் எத்தன?

— அதெல்லாம் இல்ல. முப்பத்திமூணு வயசுல சிலுவையில வச்சு அறைஞ்சுட்டாங்க.

— யாரு, அந்த ராசாவா?

— அவன் செத்து வெகுகாலம் ஆச்சு. அறைஞ்சது மனுசங்கதான். நம்ம பாவந்தான் அறைஞ்சதுன்னு சொல்லுவோம்.

— நம்மளா? வாங்கினவங்களேவா?

— ஆமா.

— அப்ப வாங்கின ஆளு சரியில்லீங்க உபதேசியாரே.

— மூணாம் நாள் எந்திரிச்சுட்டாரு. அது ஈஸ்டர் கதை, அதுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு.

— குடுத்து வச்ச அம்மா. என் மூணும் எந்திரிக்கல. ஒண்ணுகூட ஒரு மாசம் தாண்டல. முப்பத்திமூணு வருசம் கெடைக்கும்னா தொட்டி என்னங்க, சாணிக்குழியிலயே போட்டு வளப்பேன்.

— நாலாவதாப் பொறந்திருக்கே, அதுக்கு இப்ப எத்தன நாள்?

— இருபத்திரெண்டு. நேத்துல இருந்து பால் சரியாக் குடிக்கல.

— மருந்து குடுத்தியா?

— டிஸ்பென்சரி ஐயா ஒரு போத்தல் குடுத்தாரு. அதயும் குடுத்தேன். இதுக்குப் பயந்துதான் போன வாரம் உங்க வாசல்ல வந்து நின்னேன். உங்க வீட்டுல ஏழு பிள்ளையும் குண்டுக்கல்லாட்டம் ஓடித் திரியுது. நீங்க ஒரு படித் தவிட்டக் குடுத்து வாங்கிக்கிட்டா இதுவும் நிக்கும்னு நெனச்சேன். அஞ்ஞானம்னு வெரட்டி விட்டீங்க.

— அஞ்ஞானந்தான். பிள்ளை இப்ப எங்க?

— அதுவும் தொட்டியிலதான், உங்க பாலன் பக்கத்துல. எமன் குனிஞ்சு பார்த்தா எது யாரு பிள்ளைன்னு கொழம்பிப் போவான்ல. பயப்படாதீங்க, எங்க வீட்டுக்காரரு மாட்டப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே நிக்கிறாரு.

— ரெண்டும் ஒரே தொட்டியிலயா.

— கோவிச்சுக்காதீங்க. இப்பவே போய் உங்க சுரூபத்த எடுத்து, கழுவித் தொடச்சுக் கொண்டாந்து தாரேன்.

— வேணாம். அங்கயே இருக்கட்டும்.

— சாமியார் வந்தா என்ன சொல்லுவீங்க?

— குதிரையக் கட்ட அவரும் மொதல்ல பட்டிக்குத்தான் வரணும். வந்து பார்க்கட்டும். நீ போய் ஒரு படிய எடுத்துக்கிட்டு வா. எங்க வீட்டுக் கோழித்தவிடு இருக்கு.

— எதுக்குங்க இப்ப? நம்ம ஆளுங்க வாங்கி வளத்த லச்சணம்தான் தெரிஞ்சு போச்சே.

— தெரிஞ்சுதான் கேக்குறேன் வேலாயி. அந்தப் பிள்ளைய எனக்குக் குடு. இந்தத் தடவையாவது காப்பாத்திப் பாக்குறேன்.