மூன்றே நாளில் இணையதளத்தை மீட்ட கணினி அக்காவுக்கு

எங்கள் கண் மருத்துவமனையின் கணினி அறையைக் கண்ணின் மணியெனக் காத்தவரே! கடுகடுத்த முகமும் கனிந்த மனமும் கொண்ட கணினி அக்காவே! முப்பத்தோர் ஆண்டுப் பணி முடித்து விடைபெறும் உங்களை வணங்கி மகிழ்கிறோம்!

அந்தத் திங்கட்கிழமை காலையை மறப்போமா? அறுவைச் சிகிச்சைத் தேதி பார்க்க எங்கள் இணையதளத்தைத் திறந்தவர்களைப் பார்த்துச் சூதாட்ட விளம்பரம் பல்லை இளித்தது. இருநூற்றுப் பத்து நோயாளிகளின் தேதிகள் மாயம்! நாங்கள் கையைப் பிசைந்தோம். "எப்படியாவது இப்பவே பழையபடி கொண்டு வாங்கம்மா!" என்று பதறினார் தலைமை மருத்துவர். நீங்களோ அசையவில்லை. "திருடன் எந்த வழியா வந்தான்னு தெரியாம வீட்டைப் பெருக்கி என்ன பிரயோசனம்? முதல்ல தளத்தை நிறுத்துங்க" என்றீர்கள்.

தேடினீர்கள், கண்டீர்கள். வழியைத் திறந்துவைத்தவர்கள் நாங்களேதான்! நான்காண்டுகளுக்கு முன் ஓய்வுபெற்ற வரவேற்பாளர் ஐயாவின் பயனர் கணக்கை, "ஞாபகமா இருக்கட்டும்" என்று பாசத்தோடு விட்டுவைத்திருந்தோம். அழிக்கச் சொல்லி இருமுறை எழுதித் தந்தீர்கள், நாங்கள்தான் கேட்கவில்லை. அதன் கடவுச்சொல்லோ ஒன்று முதல் ஆறு வரை! முன்வரிசையில் இருக்கும் ஐயா கோபிக்க வேண்டாம்.

வெள்ளிதோறும் தளத்தை நகலெடுத்து, அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் பூட்டுவீர்களே, அதை "அக்காவோட நகைப்பெட்டி" என்று கேலி செய்தோம். அதுதான் எங்கள் மானத்தைக் காத்தது. அதிலிருந்து சிகிச்சைத் தேதிப் பட்டியலை அச்செடுத்துத் தந்தீர்கள். ஒரு நோயாளிகூடத் திரும்பிப் போகவில்லை. கள்ள நிரல்களைக் களைந்து, பழைய மென்பொருளைப் புதுப்பித்து, புதன் மாலைக்குள் தளத்தை எழுப்பி நிறுத்தினீர்கள்! அடடா, அன்று நாங்கள் போட்ட கூச்சல்!

அதோடு விட்டீர்களா? தலைமை மருத்துவரையே வரிசையில் நிறுத்திக் கடவுச்சொல்லை மாற்றவைத்தீர்கள். கைப்பேசிக்கு வரும் எண்ணைத் தட்டினால்தான் உள்ளே போகலாம் என்றீர்கள். முனகினோம், திட்டினோம். இரண்டாண்டுகளாக எத்தனையோ பேர் முட்டிப் பார்த்தும் ஒருவனும் உள்ளே வரவில்லை.

அக்கா, உங்கள் கணக்கை மட்டுமாவது விட்டுவைக்க மனம் கிடந்து அடித்துக்கொண்டது. "வச்சிருந்தீங்க, தொலைச்சுடுவேன்!" என்று நேற்றும் மிரட்டினீர்கள். ஆகவே கேளுங்கள்: இந்த மடலை வாசிக்க எழுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு அதை அழித்துவிட்டோம். அழுதுகொண்டேதான் அழித்தோம்.

பார்வை மங்காமல், முட்டி வலிக்காமல் நூறாண்டு வாழுங்கள்! இனி நீங்கள் உள்ளே வர ஒரே வழி, வாசல்தான். அடிக்கடி வாருங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் திட்டு வாங்கியே தேறிய
மருத்துவமனை ஊழியர்கள்