ஐந்தாம் மாடியும் என் மொட்டை மாடியும்

மூன்றாம் மனுதாரரின் வாக்குமூலம். தெருவில் "லாண்டரி அக்கா" என்று அழைக்கப்படுபவர். வயது ஐம்பத்தெட்டு. தொழில் சலவை. வீடும் கடையும் ஒன்றே. வழக்கில் கண்ட காலிமனைக்கு மேற்கே, சுவரை ஒட்டிய வீடு.

என் கணவர் தவறிய பிறகு இந்தத் தொழிலை வைத்துத்தான் மகளைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தேன். ஆஸ்பத்திரி படுக்கை விரிப்புகளை வெளுத்து என் மொட்டை மாடியில் காயப்போடுவேன். காலை வெயில் அந்த மனைப் பக்கமிருந்துதான் வருகிறது. வெயில் இல்லையென்றால் எனக்குப் பிழைப்பு இல்லை.

மேற்படி மனையில் மூன்று மாடிக் குடியிருப்பு வரப்போவதாகக் கட்டட நிறுவனத்தின் மேனேஜர் வந்து வரைபடம் காட்டினார். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் நாங்கள் யாரும் ஆட்சேபிக்கவில்லை, நான் டீ கூடப் போட்டுக் கொடுத்தேன். அதன் பிறகு எங்களில் ஒருவரையும் கேட்காமல் ஐந்து மாடிக்குத் திருத்திய அனுமதி வாங்கியிருப்பது, மனையில் விளம்பரப் பலகை வைத்தபோதுதான் தெரிந்தது. அதன் பிறகு பக்கத்து வீட்டு டிராயிங் வாத்தியார் அட்டைப்பெட்டிகளை மாடிகளாக அடுக்கி, வெயிலுக்குப் பதில் டார்ச் அடித்துக் காட்டினார். மூன்று பெட்டி வரை, என் மாடி என்று பக்கத்தில் வைத்த பெட்டியில் வெளிச்சம் விழுந்தது. ஐந்து வைத்ததும் இருட்டிவிட்டது. அனுமதியை ரத்து செய்யக் கோரும் மனுவில் அன்றே கையெழுத்துப் போட்டேன்.

அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை மகளும் மருமகனும் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார்கள். அதே குடியிருப்பில், ஐந்தாவது மாடி மூலை வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டிவிட்டதாக மகள் சொன்னாள். "இனிமே நீ மாடியில நின்னு கூப்பிட்டாலே எனக்குக் கேக்கும்மா" என்றாள். நான் வழக்கு விஷயத்தைச் சொன்னதும் மருமகன் ஸ்வீட் பாக்ஸை மெதுவாக மூடினார்.

மகளின் வீட்டுக்கு நானே உலை வைத்துவிட்டேனே என்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. காலையில் கையெழுத்தை வாபஸ் வாங்கக் கிளம்பினேன். ராத்திரி இங்கேயே தங்கியிருந்த மகள் மறித்தாள். "சும்மா இரும்மா. உங்களைக் கேக்காம ஏத்தின மாடியை எங்க தலையில கட்டப் பாத்திருக்காங்க. அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கலாம். வீடு இல்லைன்னா உன் மாடி ரூமுக்கு வந்துடறோம், போதுமா?" என்றாள். வீட்டோடு மாப்பிள்ளையா என்று மருமகன் முனகினார். ஆனாலும் கட்டில் போட இடம் இருக்கிறதா என்று அந்த ரூமை அளந்து பார்த்துவிட்டுத்தான் போனார். எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம்.

எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டதற்கு: மகளை என்னோடு வைத்துக்கொள்ளவே இந்த வழக்கைப் போட்டேன் என்பது சரியல்ல. கையெழுத்துப் போட்டபோது அவள் அட்வான்ஸ் கட்டியதே எனக்குத் தெரியாது. மூன்று மாடிக்கு இப்போதும் ஆட்சேபணை இல்லை. ஆனால் வழக்குப் போட்டால் மகள் என் வீட்டுக்கே வந்துவிடுவாள் என்று முன்பே தெரிந்திருந்தால், பலகை வைக்கும்வரை காத்திருந்திருக்க மாட்டேன்.

மேலே உள்ளதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கடைசி வரியை எடுத்துவிடலாமா என்று எங்கள் வக்கீல் கேட்டார். அதுவும் உண்மைதான், இருக்கட்டும் என்று சொல்லிக் கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்)
மூன்றாம் மனுதாரர்