மிளகா வாசல்

ரொம்ப காலத்துக்கு முந்தி, ரயிலு இந்தப் பக்கம் எட்டிப் பாக்காத காலம். நரிக்கரடுன்னு ஒரு ஊரு. அந்த ஊர்ல சீனியம்மா, சீனியம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். பேருதான் சீனி. வாயத் தெறந்தா காரம்.

அவ புருஷன் பனையில இருந்து விழுந்து இடுப்பு ஒடிஞ்சு கெடந்தான். வீட்டுல மூணு புள்ளைக, ஒரே ஒரு எருமை. "எருமைய வித்துருவோம் புள்ள"ன்னான்.

"அதோட தயிர்லதான மோர்மிளகா போடுதேன்? சந்தையில மிளகாய வித்துப் பாக்கேன். விக்கலைன்னா எருமைய வித்துட்டு வாரேன்"ன்னா.

தலையில மிளகாக் கூடை, கையில எருமைக் கயிறு. நடந்தா, நடந்தா, வெள்ளாங்கரைச் சந்தை வரைக்கும் நடந்தா.

கடையப் போட்டா ஒரு ஈ காக்கா வரல. வந்தவுகளும் சிரிச்சாகளாம். "மோர்மிளகாய எவளாச்சும் காசு குடுத்து வாங்குவாளா? எங்க வீட்டுக் கூரையில கூடை கூடையாக் காயுது!" அந்தக் காலத்துல அது வீட்டுல போடுற பண்டம், கடையில வாங்குற பண்டம் இல்ல.

அந்தா, மாட்டு ஏவாரி வந்து எருமையோட பல்லப் புடிச்சுப் பாக்கான். அட கூறுகெட்டவளே, பொரிக்காத மிளகாயில என்னத்த ருசி தெரியும்னு சீனியம்மா தன்னையே வஞ்சுக்கிட்டா. வடைக்காரிகிட்ட சட்டி வாங்கினா. செக்குக்காரர்கிட்ட எண்ணெய் வாங்கினா. மூணு கல்லக் கூட்டித் தீய மூட்டினா.

ஓடி வந்தாரு சந்தைக் குத்தகைக்காரரு சங்கிலிமுத்து. "ஏய், ஓலைக் கொட்டகைக்குள்ள அடுப்பா? தூக்கு வெளிய!"ன்னு மேக்கு வாசலுக்கு வெளிய தள்ளிவிட்டுட்டாரு.

மனுசன் அவசரத்துல என்ன மாசம்னு மறந்துட்டாரு. அது ஆடி மாசம்! மேக்கேருந்து மேகாத்து பேயா அடிக்குது. அதுவும் எல்லாரும் கஞ்சித் தூக்குவாளியத் தெறக்குற உச்சி நேரம். சட்டியில மிளகா சடசடன்னு பொரியுது. அந்த வாசம் வாசல் வழியா உள்ள நுழைஞ்சு, கருவாட்டுக் கடையத் தாண்டி, மாடு விக்கிற மாட்டுத் தாவணி வரைக்கும் போச்சாம். பாதிச் சந்தை இருமுது. மீதிச் சந்தை எச்சில் முழுங்குது.

தூக்கும் கையுமா ஓடி வந்தாக. "காசு வேண்டாம், கடிச்சுப் பாருங்க"ன்னு தூக்குக்கு ஒண்ணு போட்டா. நறுக்குன்னு கடிச்சாக. கஞ்சி உறிஞ்சினாக. "எங்க வீட்டுல இப்பிடி வராதுத்தா, ஒரு படி அள்ளு"ன்னாக. கூட்டத்த விரட்ட வந்த சங்கிலிமுத்துவும் ஒண்ணக் கடிச்சாரு. கண்ணுல தண்ணி. "இன்னொண்ணு போடு தாயி"ன்னாரு!

கூடை காலி. மாட்டு ஏவாரி மட்டும் விடாம, "எருமைய என்ன வெலைக்குத் தார?"ன்னானாம்.

"எருமையக் குடுத்துட்டு, தயிருக்கு ஒன்னையவா கறக்க?"ன்னா சீனியம்மா. சந்தையே கொல்லுன்னு சிரிச்சது.

அதுலருந்து மேக்கு வாசலுக்கு மிளகா வாசல்னு பேராச்சு. இன்னைக்கும் கஞ்சியோட வாரவுகளுக்கு அங்க மொத ஈடு மிளகா சும்மாதான். அதுமட்டுமா? சந்தையக் குத்தகை எடுக்குறவரு எம்புட்டுப் பெரிய ஆளா இருந்தாலும் சரி, மொத நாளு அந்த வாசல்ல குனிஞ்சு, ஒரு பொம்பளைக்குத் தன் கையால அடுப்பு கூட்டிக் குடுக்கணும். அதுக்கப்புறந்தான் அவரு குத்தகைக்காரரு.