மூடித் திருகு, ஒன்றரைச் சுற்று

கிளம்பாத மோட்டார் என்று உலகத்தில் ஒன்று கிடையாது. கிளப்பத் தெரியாத மனிதர்கள்தான் இருக்கிறார்கள். இந்த ஓர் உண்மையை மனிதகுலம் ஏற்றுக்கொண்டிருந்தால் பாதிச் சண்டைகள் நடந்தே இருக்காது என்பது என் கருத்து. அதிகாரி அவர்களே, இதையே வாக்குமூலத்தின் முதல் வரியாக வைத்துக்கொள்ளலாம்.

என் பெயர் எர்வின் நீமி. வயது இருபத்து நான்கு. டுலூத்தில் இரண்டு வருடம் சின்ன எஞ்சின் படிப்பு, சான்றிதழோடு. ஹாட்செட் ஏரிக்கரையில் லோர்னாவின் தூண்டில் கடையை ஒட்டி என் பட்டறை இருக்கிறது. படகு மோட்டார் கிளம்பவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எட்டுக் கட்டங்கள் கொண்ட பட்டியல் ஒன்றை நானே தயாரித்திருக்கிறேன். டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்பதில் தொடங்கி ஸ்பார்க் பிளக்கில் பொறி வருகிறதா என்பது வரை போகும். எட்டில் எந்தக் கட்டத்திலும் கெஞ்ச வேண்டும் என்று இல்லை.

வெண்டெல் மாமா கெஞ்சுவார். என் அம்மாவின் அண்ணன், எழுபத்து மூன்று வயது. அவருடைய மோட்டார் அம்மாவைவிட மூத்தது. டேங்க் அதன் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும். காலையில் ஆறேழு முறை கயிற்றை இழுப்பார். இருமும், கிளம்பாது. உடனே பிளாஸ்க் மூடியில் காப்பியை ஊற்றி, முதல் மடக்கை ஏரிக்குக் கொடுப்பார். பிறகு டேங்க்கை மூன்று முறை தட்டுவார்.

"எந்திரிடி ராசாத்தி. வெயிலு மூஞ்சில அடிக்குது பாரு. மாமன் கூப்பிடுறேன்ல?"

அடுத்த இழுப்பில் கிளம்பிவிடும்.

நான் பொறுமையாக விளக்கியிருக்கிறேன். "மாமா, இழுத்து இழுத்து பெட்ரோல் ஏறி பிளக் நனைஞ்சு போவுது. நீங்க கொஞ்சிக்கிட்டிருக்கிற நேரத்துல அது காஞ்சுடுது. அவ்ளோதான் விஷயம்."

"அப்போ கொஞ்சுறதுதானே மாப்ள வைத்தியம்?"

இப்படிப்பட்ட ஆளோடு என்ன பேசுவது.

ஆகஸ்டில் ஒருநாள், படகுத்துறையில் பதினோரு பேர் நிற்கும்போது, நான் அந்த மோட்டாரில் எட்டுக் கட்டத்தையும் இரண்டு முறை பார்த்தேன். கிளம்பவில்லை. மாமா பிளாஸ்க்கோடு வந்தார். கிளம்பியது. மறுநாள் லோர்னா தன் கடையில் தொங்கும் என் பட்டியலின் அடியில் பேனாவால் எழுதி வைத்திருந்தாள்: "ஒன்பது: காப்பி."

"என்னடா எர்வினு, காலேஜ்ல ஒம்போதாவது பாடம் வர்றதுக்குள்ள ஓடி வந்துட்டியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

இதனால் எனக்குக் கோபம் என்று நினைத்துவிடக் கூடாது. வருத்தம்கூட இல்லை. மூன்று பேர் பட்டறையிலிருந்து தங்கள் மோட்டாரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் வீட்டில் காப்பி இருந்தது.

தேவைப்பட்டதெல்லாம் ஒரு முறையான சோதனை. கொஞ்சலால் சரியாகவே முடியாத ஒரு கோளாறு வேண்டும். பிளக் தானாகக் காயும். திருகு தானாகத் திறக்காது.

டேங்க் மூடியின் மேல் ஒரு சின்னத் திருகு உண்டு, காற்று உள்ளே போவதற்கு. அதை மூடிவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. மோட்டார் நல்ல பிள்ளை போலக் கிளம்பி, நாலைந்து நிமிடம் ஓடி, நின்றுவிடும். மற்றவர்கள் கரைக்கு வந்ததும் அதை மூடுவார்கள், போகும்போது திறப்பார்கள். மாமா வருடம் முழுக்கத் திறந்தே விட்டிருந்ததால் அப்படி ஒன்று இருப்பதையே மறந்துவிட்டார். என் பட்டியலில் அது இரண்டாவது கட்டம். அந்தப் பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, அவர் படகில் உட்காரும் பலகையிலேயே ஒட்டிக் கொடுத்திருந்தேன். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

நாளைத் தேர்ந்தெடுத்தது நானல்ல, வழக்கம். ஏரி உறைவதற்கு முன்னால் கடைசியாக மோட்டாரில் ஏரி நடுவிலுள்ள தீவுக்குப் போய்த் திரும்புகிறவர் பெயரை லோர்னாவின் கடைப் பலகையில் எழுதுவார்கள். பதினோரு வருடமாக மாமா பெயர்தான். அக்டோபர் கடைசியில் மற்ற எல்லோரும் படகைக் கரையேற்றிவிட்டார்கள். தண்ணீரில் மாமாவின் படகைத் தவிர என் படகு மட்டும் இருந்தது. ஏதாவது ஆனால் உதவிக்குப் போக வேண்டுமே என்று நான்தான் ஏற்றாமல் வைத்திருந்தேன். அக்கறை இல்லாதவன் இதைச் செய்வானா?

துடுப்புகளை வியாழக்கிழமையே எடுத்துவிட்டேன். வார்னிஷ் அடிக்க வேண்டியிருந்தது. தவிர, துடுப்பு கையில் இருந்தால் மனிதன் யோசிக்க மாட்டான். மிதவைச் சட்டையை அவர் மெத்தையாகப் போட்டு உட்காருவார். பூஞ்சை பிடித்திருந்தது, துவைக்கக் கொண்டு போனேன். அம்மா கொடியில் காயப் போட்டிருந்தாள். நீங்களே பார்த்திருப்பீர்கள். மாமாவின் இதயத்தில் குழாய் வைத்த டாக்டர், அவரைக் கயிறு இழுக்கிற வேலையைக் குறைக்கச் சொன்னதாக அம்மா செவ்வாய்க்கிழமை சொன்னது உண்மை. நான் அப்போது உருளைக்கிழங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். காதில் விழுந்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணி. அவர் பிளாஸ்க்கை எடுத்து வருவதற்குள் திருகை மூடினேன். ஒன்றரைச் சுற்று. வழக்கம்போல இருமியது, வழக்கம்போலக் கொஞ்சினார், கிளம்பியது.

"லோர்னாவ பெயின்ட எடுத்து வைக்கச் சொல்லு மாப்ள. நீயும் வாயேன், ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்."

"இல்ல மாமா, வேலை இருக்கு."

"என்னடா வேலை, சனிக்கிழமையில?"

"பாத்துக்கிட்டு இருக்கணும்."

சிரித்துக்கொண்டே போனார். ஐந்து நிமிடம் பத்து வினாடியில் சத்தம் நின்றது.

தொலைநோக்கி கொண்டு போயிருந்தேன். இழுத்தார். காப்பியை ஊற்றினார். தட்டினார். அவர் தட்டுகிற இடத்துக்கும் அந்தத் திருகுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. உதடு அசைவது தெரிந்தது. மறுபடி இழுத்தார். கிளம்பவில்லை. என் சோதனை அங்கேயே முடிந்துவிட்டது, முடிவும் தெளிவாக இருந்தது. ஆனாலும் பட்டியலைப் படிக்க அவருக்கு ஒரு வாய்ப்புத் தர வேண்டும் அல்லவா? காத்திருந்தேன். அவர் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

நாற்பத்தோரு முறை இழுத்தார். குறிப்பேட்டில் இருக்கிறது. நாற்பத்தோராவது இழுப்புக்குப் பிறகு மோட்டாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அதன்மேல் தலையைச் சாய்த்தார். கடைசியில் திருகைப் பார்க்கிறார் என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன்.

படகு காற்றில் பாறைப் பக்கம் நகர்ந்தது. நான் என் படகில் ஏறினேன். புது மோட்டார், முந்தின நாள்தான் என் கையாலேயே சர்வீஸ் செய்தது. கிளம்பவில்லை.

எட்டுக் கட்டத்தையும் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். மறுபடியும் எல்லாம் சரி. கடிகாரப்படி இருபத்திரண்டு நிமிடம். அதற்குள் மாமாவின் கை இரண்டு முறை மேலே உயர்ந்தது, அதையும் எழுதி வைத்தேன். அவசரம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவசரம் என்று கட்டம் தாண்டுகிறவன் மெக்கானிக் அல்ல.

படகுத்துறைத் தூணின் மேல் என் காப்பிக் கோப்பை இருந்தது. ஆறிப்போயிருந்தது. இரண்டு பக்கமும் பார்த்தேன். கரையில் ஆளில்லை. ஒரு மடக்கு ஏரியில் ஊற்றினேன். மோட்டாரின் தலையில் மூன்று முறை தட்டினேன். "எந்திரிடி ராசாத்தி" என்றேன். காதில் விழவில்லையோ என்று இன்னொரு தரமும் சொன்னேன், "மாமன் கூப்பிடுறேன்ல" என்பதையும் சேர்த்து.

முதல் இழுப்பில் கிளம்பியது.

மாமாவின் படகை நெருங்கியதும் திருகைத் திறந்தேன். கயிற்றை இரண்டே இழுப்பு, அதுவும் கிளம்பிவிட்டது. கிளம்பாத மோட்டார் என்று ஒன்று கிடையாது. அதற்குப் பிறகு மாமாவின் நாடியைப் பார்த்தேன். எதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. பத்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாக நீங்கள்தான் சொன்னீர்கள். இருக்கலாம்.

திருகை மூடியது நான். துடுப்பை எடுத்தது, சட்டையை எடுத்தது, கரையில் நின்று எண்ணிக்கொண்டிருந்தது எல்லாம் நான். கொலை என்று எழுதினாலும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன், எனக்கு ஆட்சேபனை இல்லை.

அந்தக் காப்பி விஷயத்தை மட்டும் அடித்துவிடுங்கள். சின்ன ஊர். லோர்னா காதுக்குப் போய்விடும்.