இரண்டாம் மாடி வாங்கு

அந்த மியூசியத்து வாங்குகள் நல்ல வாங்குகள். முதுகு சாய்த்து உட்கார்ந்திருக்கலாம், மேலே மெத்தையும் போட்டிருக்கிறார்கள். கோயிலில் ஒன்றரை மணித்தியாலம் மர வாங்கில் இருந்து பழகிய எங்களுக்கு அது பெரிய சுகம். தயாபரன் தம்பி, இதையும் சேர்த்தே பொலிஸ் ஐயாவுக்குப் பிரெஞ்சில் சொல்லுங்கள். நான் அவரை இருத்தியது வசதியான இடத்தில்தான் என்று ஐயா அறிய வேண்டும்.

என் பெயர் றஞ்சினி, வயது அறுபத்தாறு. இந்த நாட்டுக்கு, ரெனான் ஊருக்கு, வந்து இருபத்தொன்பது வருடம். என் கணவர் அந்தோனிதாஸ் உணவகமொன்றின் சமையலறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். நான்கு வருடமாக மறதி நோய். முதலில் பிரெஞ்சு போனது, பிறகு தெருக்கள் போயின, போன வருடம் நானும் போய்விட்டேன். காலையில் தேத்தண்ணீர் கொடுத்தால், "நீங்கள் ஆரின்ரை பிள்ளை? றஞ்சினி எங்கை?" என்று கேட்பார். "வருவா, குடியுங்கோ" என்பேன். முப்பத்தெட்டு வருடக் கலியாணத்தில் அவ்வளவு மரியாதையாக அவர் என்னோடு கதைத்ததே இல்லை.

மியூசியத்தைச் சொன்னது மகள் றோஷினி. அவள் தூரத்தில், ஊஸ்டர் நகரில் இருக்கிறாள். "படம் பாத்தா இப்பிடியான ஆக்களுக்கு நல்லதாம் அம்மா, டொக்டர் சொன்னவர்" என்றாள். ரயிலில் போகிற தூரத்தில், நொஷாட்டல் நகரில் ஏரிக்குக் கிட்ட, செத்துப்போன ஓர் ஓவியரின் வீடு. சர்ரியலிசமாம், கனவில் வருவதை அப்படியே கீறுவதாம். சப்பாத்துப் போட்ட மீன், வாசலுக்குள் வாசலாகப் போய்க்கொண்டே இருக்கும் வீடு, இப்படி. வருகிறவர்கள் எல்லாரும் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். என் கணவர் ஒருவர்தான் தெளிவாக நின்றார். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி உறுமினாலே பயந்து ஒடுங்குகிற மனுஷன் அங்கே ஒன்றுக்கும் பயப்படவில்லை. அதைப் பார்த்து நான் கழிப்பறைக்குள் போய் அழுதிருக்கிறேன்.

இரண்டாம் மாடியில் சுவர் நிறைய ஒரு படம். நீள மேசை, சுற்றிவரக் கதிரைகள், கதிரைகளில் ஆட்கள் இல்லை. கோட்டுகள் மட்டும் நிமிர்ந்து இருக்கும். அவர் ஒவ்வொன்றாகக் கை நீட்டுவார். "இது சூசை அண்ணை. இது மடுத்தீன். இது எங்கடை சின்னராசா." எல்லாரும் செத்துப்போன சிநேகிதர்கள். ஒரு கதிரை மட்டும் வெறுமையாக இருக்கும். "அது றஞ்சினிக்கு. அவ வரும் மட்டும் நான் இதில இருக்கிறன்" என்பார். நான் பக்கத்தில்தான் இருப்பேன்.

இனி பிலோமினாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கோயில் ஆள். ஆறு வருடத்துக்கு முன் தன் மாமியை முதியோர் இல்லத்தில் விட்டாள். அந்த வருட அந்தோனியார் திருநாளுக்கு வட்டிலப்பம் செய்து கொண்டுவந்தாள். நான் தொடவில்லை. "பெத்த தாய் மாதிரி இருந்த மனுசியைக் கொண்டுபோய்த் தள்ளின கை" என்று நான்கு பேருக்குக் கேட்கச் சொன்னேன். மற்றவர்களும் தொடவில்லை. முழுத் தட்டையும் அப்படியே மூடி எடுத்துக்கொண்டு போனாள். பிறகு பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். மாமியின் செத்தவீட்டுக்கு எங்கள் ஆட்கள் மூன்று பேர்தான் போனார்களாம். எனக்கு அன்று தலையிடி.

அதனால், றோஷினி இவருக்கும் ஓர் இல்லத்தில் இடம் எடுத்துவிட்டு, "திங்கக்கிழமை வந்து கையெழுத்துப் போடுங்கோ அம்மா, உங்களாலை இனி ஏலாது" என்று சொன்னபோது எனக்கு அந்த வட்டிலப்பத் தட்டுத்தான் ஞாபகம் வந்தது. ஏலாது என்பது உண்மை. நான் நித்திரை கொண்டு பல மாதம். ஆனால் கையெழுத்து என்று வந்தால் என் பெயரல்லவா நிற்கும்? பிலோமினாவின் முகத்தில் நான் எப்படி முழிப்பது?

அவருடைய கோட்டின் உள்துணியில் ஓர் அட்டை தைத்திருந்தேன். பெயர், விலாசம், மூன்று தொலைபேசி இலக்கங்கள். வீட்டை விட்டு மூன்று தரம் போயிருக்கிறார். மூன்று தரமும் பொலிஸ்காரர் அட்டையைப் பார்த்துக் கொண்டுவந்து விட்டார்கள். நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் மடாம் என்று ஒருவர் பாராட்டினார். அன்று வந்ததுதான் இந்த யோசனை. அட்டை இல்லாவிட்டால் எங்கே கொண்டுபோவார்கள்? யார் என்று தெரியாத கிழவரை இந்த நாடு தெருவில் விடாது. நல்ல இடத்தில் வைத்துப் பார்க்கும். நாலைந்து நாளில் நான் தேடிக் கண்டுபிடித்து அழுதுகொண்டு போவேன். அரசாங்கம் வைத்த இடம் என்றால் ஒருவரும் வாய் திறக்க முடியாது. பிழையான யோசனை என்று இப்போதும் எனக்குப் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனோம். அங்கே கோட்டுகளைக் கீழே கொழுவியில் மாட்டிவிட்டுத்தான் மேலே போகலாம். அவரை அந்தப் படத்துக்கு முன்னால் இருத்தி, வாயைத் துடைத்துவிட்டு, "இதில இருங்கோ. றஞ்சினி இப்ப வந்திடுவா" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "மெத்தப் பெரிய உபகாரம் பிள்ளை" என்று என் கையைப் பிடித்தார். கீழே வந்து இரண்டு கோட்டுகளையும் எடுத்தேன். அப்போது மூன்றரை மணி.

பின்னேரம் றோஷினி தொலைபேசி எடுத்தாள். "அப்பா எங்கை?" என்றாள். "படுத்திட்டார்" என்றேன். "நாளைக்கு அழாதேங்கோ அம்மா" என்றாள். அவளுக்குப் பொய் சொன்னது பாவம்தான்.

மியூசியத்து ஆட்களில் பிழை இல்லை. மூடும் மணி அடித்ததும் அவர் சனத்தோடு சனமாக வெளியே வந்துவிட்டாராம். திங்கட்கிழமை காலை படகுத்துறையில், ஓர் இரும்பு வாங்கில் உயிரில்லாமல் கண்டார்கள். இரவு குளிர் கழித்தல் ஒன்பது பாகையாம். பக்கத்தில் தொப்பியைக் கழற்றி வைத்திருந்தாராம். அது ஏன் என்று ஐயா கேட்டார். கோயிலில் நான் பிந்தி வரும்போது அவர் அப்படித்தான் எனக்கு இடம் பிடித்து வைப்பார்.

தயாபரன் தம்பி, ஐயா வெளியே போன நேரம் நீங்கள் மெதுவாகக் கேட்டீர்கள், "கோட்டை மறதியிலை கொண்டு வந்திட்டா எண்டு சொல்லட்டோ அக்கா?" என்று. உங்களுக்கு நல்ல மனம். ஆனால் அப்படிச் சொல்லாதீர்கள். எங்கள் வீட்டில் மறந்தவர் அவர், நான் இல்லை.

அட்டைக்காகக் கோட்டை எடுத்தேன் என்று நேற்றுச் சொன்னேன். அந்தத் தையல் நான் போட்டது. கைப்பையில் எப்போதும் சின்னக் கத்தரிக்கோல் வைத்திருப்பேன். பிரிக்க இரண்டு நிமிடம் போதும். கோட்டைக் கொழுவியிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம்.

ரயில் அன்று பதினெட்டு நிமிடம் பிந்தியது. மேடையில் ஏரிக் காற்று, எனக்கு விரல் விறைத்துவிட்டது. அவருடைய கோட்டை என் கோட்டுக்கு மேலே போட்டுக் கழுத்துவரை பூட்டினேன். அதற்குப் பிறகும் குளிர்ந்தது. இந்தக் குளிருக்கு அந்த மனுஷன் ஒரு இரவு தாங்கமாட்டார் என்று நினைத்தேன். மியூசியத்துக்குத் திரும்பி நடந்தால் பத்து நிமிடம்.

ரயில் வந்தது. ஏறினேன். சன்னல் பக்கம் இடம் கிடைத்தது.