நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை

சாப்பிட்டவுடன் படுக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது, இன்ஸ்பெக்டர் ஐயா. இருதயக்காரன் அப்படிப் படுக்கக் கூடாது என்று என் மகள் ஜெனவீவ் சொல்லியிருக்கிறாள்.

போன ஈஸ்டருக்குப் பன்றிக்கறி கொஞ்சம் அதிகமாகிவிட்டது. நெஞ்சு அடைத்தது. டாக்டர் இல்லாத எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் டிரெசர் நவமணி குழலை வைத்துக் கேட்டுவிட்டு, "வாயுவா இருக்கலாம், இருதயமாவும் இருக்கலாம், ஜாக்கிரதையா இருங்க கிராணி" என்றார். மகள் காதில் இருதயம் மட்டும் விழுந்தது. நான் திருத்தவில்லை. தாயில்லாப் பெண், அவளுக்கும் ஒரு கவலை வேண்டாமா?

அன்று முதல் வீடு ஒரு குட்டி ஆஸ்பத்திரி ஆனது. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை ஜன்னல் மேட்டில். சாய்ந்து உட்காரப் பிரம்பு நாற்காலி. வலி வந்தால் நான் நடக்கக் கூடாது, பேசக் கூடாது. சட்டைப் பொத்தானைக்கூட அவள்தான் கழற்றுவாள். மாத்திரைக்கு வலி அடங்காவிட்டால் ஒருவர் டிரெசரை அழைக்கப் போக வேண்டும். ஆஸ்பத்திரி, வீடுகளைச் சுற்றிப் போட்ட முள்வேலிக்கு வெளியே இருந்தது. காட்டிலிருந்து சுடும் கம்யூனிஸ்டுகளால் மலாயா முழுக்க அவசரகாலம், இருட்டினால் ஊரடங்கு. அதற்கும் காவல்காரர்களிடம் பேசி வைத்திருந்தாள். விளக்கை உயரத் தூக்கிக்கொண்டு, 'சாக்கிட் ஜந்தோங், இருதய நோய்' என்று கத்தியபடி மெதுவாக நடந்து வந்தால் சுட மாட்டார்கள்.

ஞாயிறுதோறும் பூசை முடிந்து ஒத்திகை நடக்கும். காலமெல்லாம் தோட்டத்துக் கிராணியாகக் கணக்கு எழுதிய எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே வேஷம் நோயாளி வேஷம்தான். நன்றாகவே செய்தேன். முனகல் மட்டும் ஆட்டுக்குட்டி கத்துவது போல் இருக்கும்.

மத்தியாஸ் சுங்கை ஆயர் தாவாரில் தமிழ்ப்பள்ளி வாத்தியார். ஜெனவீவைக் கேட்டு வந்தான். நல்ல பையன், அதுதான் தொல்லை. குறை சொல்ல எதுவும் அகப்படவில்லை. அந்த ஊரில் தண்ணீர் சரியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். "பேரிலேயே நல்ல தண்ணி இருக்கு மாமா, மலாயில ஆயர் தாவார்னா அதுதானே" என்று சிரித்தான். "நீங்களும் எங்களோட வந்துடுங்க. அங்கே ஆஸ்பத்திரி பக்கம்லா."

மருமகன் வீட்டில் நான் இரண்டாவது ஆள். இங்கே நான் நோயாளி.

கல்யாணத் தேதி குறிக்க அவன் லோரி பிடித்து வந்த அன்று மத்தியானம் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை என்னை அழைத்தார். புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தோட்டத்தில், நோயாளி இருப்பதாக விளக்கோடு வந்தவர்கள் காவல்காரர்களைச் சுட்டுவிட்டார்களாம். இனி ஊரடங்கில் விளக்கும் கிடையாது, சலுகையும் கிடையாது. கேட்டை நெருங்கினால் சுடுவார்கள். புதிய காவல்படை அன்றே வந்து இறங்கியது. தொழிலாளர் குடியிருக்கும் எல்லா லயத்துக்கும் சொல்லிவிடு கிராணி என்றார்.

வெயிலில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். காது கேட்காத வேலம்மாவுக்குக் கையை ஆட்டி ஆட்டிப் புரியவைத்தேன். லயத்தை விட்டுத் தள்ளி இருக்கும் என் வீட்டில் மட்டும் சொல்லவில்லை. ஆபீஸ் விஷயங்களை நான் வீட்டுக்குக் கொண்டு போவதில்லை.

சாப்பிட்டுவிட்டுத் தேதி குறித்தார்கள். வெளியே இருட்டிவிட்டிருந்தது. நான் நெஞ்சைப் பிடித்தேன். ஜெனவீவ் பதறவில்லை; பழகியதைச் செய்தாள். நாற்காலி, பொத்தான், மாத்திரை. வலி இல்லாதவன் அந்த மாத்திரையைப் போட்டால் மண்டை தெறிக்கும் என்று எனக்குத் தெரியாது. அன்று எனக்கு நிஜமாக வலித்தது தலைதான்.

"குறையுதாப்பா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அதுவும் வலித்தது.

அவள் விளக்கை எடுத்தாள். அது நான் எதிர்பார்த்ததுதான். மத்தியாஸ் அதை வாங்கிக்கொள்வான் என்பதும் எதிர்பார்த்ததுதான். சொன்னேனே, நல்ல பையன்.

"ஓடாதீங்க. விளக்கை உசரத் தூக்கிப் பிடிச்சுக்குங்க" என்றாள்.

அவன் வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான். "பேசாதீங்க மாமா. இதோ வந்துர்றேன்."

நான் பேசவில்லை. நோயாளி பேசக் கூடாது.

மெதுவாகத்தான் நடந்தான். அவன் குரல் வேலி வரை தெளிவாகக் கேட்டது. புதிய காவல்காரர்கள் மலாயில் ஏதோ கத்தினார்கள். அப்புறம் சுட்டார்கள். ஜெனவீவ் வெளியே ஓடப் பார்த்தாள். அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். என் கையில் அத்தனை பலம் இருந்ததை அவள் அப்போது கவனித்தாளா, தெரியவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. மாத்திரை மட்டும் ஜன்னலில் வைத்திருக்கிறாள்.

சுட்ட பையன் சாப்பிடாமல் அழுதுகொண்டிருக்கிறானாம். அவனை விட்டுவிடுங்கள். உத்தரவு தெரிந்தவன் நான். வலி இல்லாதவனும் நான். மத்தியாஸைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் ஒரு தகப்பன் இடத்தில் இருந்து கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் ஐயா. ஊரடங்கு நேரத்தில் வெளியே கிளம்புகிறவனை நம்பி, எப்படிப் பெண்ணைக் கொடுப்பது?