ஒன்பதும் ஒன்றும்

பதினொன்றே கால் மணிக்கு அந்தப் பெண் என் அறைக்கு வந்தாள். நாற்காலியில் காகிதக் கட்டுகள் கிடந்தன. அதில் ஆள் உட்கார்ந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டி, பெயர் எழுதி, அலமாரியில் அடுக்குவது என் வேலை. அறை கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. அந்துருண்டை வாடை சட்டையை விட்டுப் போகாது. அவரைக் குடும்பம் மட்டும் நாற்பது அலமாரி. காலில் மிதிபடும் பூண்டும் அந்தக் குடும்பம்தான், அண்ணாந்து பார்க்க வைக்கும் மரமும் அந்தக் குடும்பம்தான். இதைச் சொல்ல எனக்கு ஆளில்லை.

அவள் கைக்குட்டையைப் பிரித்தாள். பூவும் காயுமாக ஒரு கிளை.

"என் வீட்டுக்காரர் அவரைக்காய்னு நெனச்சு வறுத்துத் தின்னுட்டார் சார். அந்த மனுஷனுக்கு வாய் சும்மா இருக்காது. என்ன செடின்னு தெரிஞ்சாத்தான் மருந்து குடுக்க முடியும்னு டாக்டர் சொல்றார்."

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. முப்பது ஆண்டுப் பழக்கம். காகிதக் கட்டுகளை அவள் இறக்கி வைத்து உட்காருவதற்குள் சீட்டில் செடியின் பெயரை எழுதினேன். மருத்துவமனையிலிருந்து வருவது என்றால் நேரத்தையும் குறிக்க வேண்டும். குறித்தேன். சீட்டை இழுப்பறைக்குள் வைத்தேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். சொன்னால் எழுந்து போய்விடுவாள்.

"கொஞ்சம் பார்க்கணும்மா" என்றேன்.

பூவைப் பிரித்துப் பூதக்கண்ணாடியின் கீழே வைத்தேன். நடுவில் இழை இழையாக நிற்கும் மகரந்தத் தாள்களை எண்ணச் சொன்னேன்.

"பத்து இருக்கு சார். ஒன்பது ஒட்டிக்கிட்டிருக்கு. இது ஒன்னு மட்டும் ஏன் தனியா நிக்குது, பாவம்?"

யாரும் என்னிடம் கேட்டிராத கேள்வி. முறையாகப் பதில் சொன்னேன். பதில் நீளமானது.

அடித்தளத்தில் போனுக்குச் சிக்னல் கிடைக்காது. பன்னிரண்டரைக்கு மருத்துவமனையோடு பேச மேலே போனாள். திரும்பி வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். கையில் இரண்டு தேநீர்.

"மூச்சு வாங்குதாம். கேட்டியா கேட்டியான்னு உசுரை எடுக்கறாங்க. குடிங்கண்ணா, நீங்களும் எனக்காகச் சாப்பிடாம உட்கார்ந்திருக்கீங்க."

சார் அண்ணாவானது அப்போதுதான்.

"இதே மாதிரி இன்னொன்னு இருக்கும்மா. தப்பாச் சொல்லிடக் கூடாது."

அது பொய்யல்ல. அப்படி இன்னொன்று இருக்கிறது. இலையின் அடிப்பக்கம் வேறு மாதிரி இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினேன். தேநீரில் சர்க்கரை அதிகம். மெதுவாகக் குடித்தேன்.

இரண்டு மணிக்குப் பெயரைச் சொன்னேன். ஓடினாள். மூன்று மணிக்கு அவர் இறந்துவிட்டார். பன்னிரண்டுக்குள் தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். அது அவர் துறை.

எட்டு நாள் கழித்து அவள் மறுபடியும் வந்தாள். நன்றி சொல்ல. கூட யாருமில்லாதபோது நான் இருந்தேனாம். இந்த முறையும் இரண்டு தேநீர்.

அவளுக்காக நானும் ஒன்று வைத்திருந்தேன். அந்தக் கிளையை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டியிருந்தேன். கொண்டுவந்தவர் என்ற இடத்தில் அவள் பெயர். இருநூறு ஆண்டுகள் அழியாது. என் தொழிலில் ஒருவருக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை அதுதான். முதலில் எழுதிய சீட்டைத்தான் ஒட்ட வேண்டும். மாற்றி எழுதுவது நேர்மையில்லை. அதையே ஒட்டினேன். குற்றம் செய்தவன் அப்படிச் செய்வானா என்று நீங்களே யோசியுங்கள்.

மகிழ்வாள் என்றுதான் அவள் முன்னால் விரித்து வைத்தேன். குனிந்து வாசித்தாள். தன் பெயரைத் தாண்டி விரலைக் கீழே நகர்த்தினாள். நேரத்தின் மேல் விரல் நின்றது.

"அண்ணா, பதினொன்னே காலுக்கே உங்களுக்குத் தெரியுமா?"